தண்ணி வருது

என் கணவர் சிக்கந்தர் பாட்சா இருபத்திரண்டு வருஷம் ஒரு மலையோடு குடித்தனம் நடத்தினார். என்னோடு அவர் இருந்த லீவு நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம் தேறாது. இதைச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். சுருங்கட்டும். உள்ளதைச் சொல்ல நான் யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

எங்களுக்குக் கோட்டக்குப்பம். கல்யாணமான புதிதில் அவர் கோட்டக்குப்பத்துக்கும் பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை என்றால் அரபு நாட்டுக்குப் போக வேண்டும். போகாதவனைப் பார்த்தால் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரிப்பார்கள். இவரும் போனார். ராஸல் கைமா பக்கம் மலைக்குள் ஒரு கல் குவாரி. லாரிகள் கிளப்பும் தூசியை அடக்க ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் லாரிக்கு இவர் டிரைவர். மழையே இல்லாத நாட்டில் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளா என்று போனிலேயே சிரித்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டில் கோபம் முழுவதும் என் பங்கு.

மற்ற வீட்டு ஆண்கள் போன் செய்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியாவது பேசுவார்கள். இவர் மலையைப் பற்றிப் பேசுவார்.

"முழுக்க சுண்ணாம்புக் கல்லு நிஷா. பேருக்கு ஒரு புல்லு கிடையாது. மண்ணுன்னு ஒரு பிடி அள்ள முடியாது. பீரோவுல துணி மடிச்சி வெச்ச மாதிரி வரி வரியா இருக்கு. நடுவுல நடுவுல வெடிப்பு, குகை."

ஒரு தடவை லீவுக்கு வந்தபோது கைக்குட்டையில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தார். ஆசையாக அவிழ்த்தேன். சிப்பி பதிந்த சாம்பல் நிறக் கல். மலை உச்சியில் கிடந்ததாம், அந்த மலையே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததாம். வாசலைத் தாண்டினால் கடல் இருக்கிற ஊருக்கு விமானத்தில் சிப்பி கொண்டுவந்த ஒரே மனிதர் இவர்தான். ஊறுகாய் ஜாடி மூடி மேல் பாரத்துக்கு வைத்தேன். அந்த மலைதான் எனக்குச் சக்களத்தி என்று தங்கை ஹஸீனாவிடம் சொல்வேன். பாதி கேலி, பாதி நிஜம்.

அந்த மலைக்கு நடுவே ஓர் ஆறு இருந்தது. ஆறு என்றால் தண்ணீர் கிடையாது. வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பிய அகலமான பள்ளம், இரண்டு பக்கமும் செங்குத்தான கல் சுவர். அரபியில் அதற்கு வாதி என்று பெயராம். ஊரில் வாதி என்றால் கோர்ட்டில் கேஸ் போட்டவன். அவரோடு ஒரே ரூமில் இருந்த ரஞ்சித் இதை வைத்து அவரை ஓட்டிக்கொண்டே இருப்பான்.

"வாதி இருக்கு பாய், பிரதிவாதி எங்க? வாய்தா எப்ப?"

வீடியோ காலில் அவன் குரல் பின்னாலிருந்து வரும். நான் சிரிப்பேன். இவர் சொல்லும் எதற்கும் எனக்கு அவ்வளவு சிரிப்பு வந்ததில்லை.

ரஞ்சித்துக்கு இருபத்தேழு வயது. சொந்த ஊர் கண்டமங்கலம். குவாரியில் வெல்டர். அப்பா கிடையாது. அம்மா கோவிந்தம்மாள் சொந்தக் காணியில் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கேப்பையும் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஒரு தங்கை, கலைமதி. அவன் ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு மூட்டை மல்லாட்டையைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "யக்கா, அம்மா குடுத்துச்சி. பாய்க்கு வெறும் ரொட்டி துன்னு துன்னு ஒடம்பு போச்சின்னு சொன்னேன்" என்றான். பாய் அங்கே இருக்கிறார், மல்லாட்டை இங்கே வந்திருக்கிறதே என்றேன். "நீங்க துன்னுங்க, அவருக்குச் சேரும்" என்றான். அப்படிப்பட்ட பையன்.

இந்த வருஷம் தை மாதம் ஐந்தாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு இவரிடமிருந்து போன். எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. நான் இரண்டு தடவை அதட்டிய பிறகு சொன்னார்.

"ரஞ்சித்து தண்ணியில போயிட்டான் நிஷா."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அந்தப் புள்ள தண்ணி போடாதே. யாரு பழக்கினது? கூட இருந்துக்கினு நீங்க இன்னா பாத்துக்கினு இருந்தீங்க?" என்று கத்தினேன். அவர் திரும்பவும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை. பாலைவனத்தில் ஒரு பையன் வெள்ளத்தில் போய்விட்டான் என்று சொல்கிறார். புத்தி அதை உள்ளே வாங்கவே மறுத்தது.

என் புத்தியே மறுத்ததென்றால் கண்டமங்கலம் என்ன செய்யும்? குவாரியிலிருந்து யாரோ அரைகுறை இந்தியில் போன் செய்து ஆக்சிடென்ட் என்று மட்டும் சொன்னார்களாம். கோவிந்தம்மாள் லாரியில் அடிபட்டான் என்று புரிந்துகொண்டு அழுதிருக்கிறார். எட்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. கூட வந்த காகிதத்தில் நீரில் மூழ்கி இறப்பு என்று இருந்தது. ஊர் கூடிவிட்டது. பாலைவனத்தில் எவனாவது முழுகிச் சாவானா? முதலில் ஒன்று சொன்னார்கள், இப்போது ஒன்று சொல்கிறார்கள். அடித்துக் கொன்றுவிட்டு மறைக்கிறார்கள். கூட இருந்தவர்கள் மூன்று பேர். கெடார் ஊர்க்காரர் தேவாவும் திண்டிவனத்துக்காரர் விருத்தாசலமும் போனில் சொன்னது அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்ததாம். ஒரே மாதிரி இருந்ததாலேயே சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரர். கோவிந்தம்மாள் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். இவருக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"வந்து என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க பாய். உங்க வாயால சொன்னா நம்பறேன்."

இவர் நோன்புக்கு முன்னால் ஒரேயடியாக வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். வந்தவர் கண்டமங்கலம் போகவில்லை. நோன்பு முடிந்தது, பெருநாள் முடிந்தது, போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் போனில் மலையை அளந்தவர் நேரில் வந்ததும் ஊமையாகிவிட்டார். கேட்டால், "இன்னாத்த சொல்றது, நம்பமாட்டாங்க" என்பார். எனக்குப் பொறுமை அறுந்துபோனது.

"அந்த அம்மா மூணு மாசமா யாரோ புள்ளையக் கொன்னுட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருக்கு. நீங்க இங்க ஃபேனப் பாத்துக்கினு படுத்திருக்கீங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க, நம்பறனா இல்லையா பாப்போம்."

அப்போது பாதியைச் சொன்னார். தை ஐந்து என்றால் எங்கள் பக்கம் ஆற்றுத் திருவிழா. சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் சுற்றுவட்டாரத்துச் சாமிகளை எல்லாம் ஆற்றுக்குக் கொண்டுவருவார்கள். மணலில் கடை போடுவார்கள், சுருளிக் கிழங்கு விற்பார்கள், ஜனம் ஆற்றிலேயே உட்கார்ந்து சாப்பிடும். வெளியூரில் இருப்பவனுக்குப் பொங்கலைவிட அன்றைக்குத்தான் ஊர் ஞாபகம் வரும். இந்த வருஷம் அது லீவு நாளில் வாய்த்தது. ஓர் ஆறு கிடைத்தால் போதும், கால் வைத்துவிட்டு வரலாம் என்று ரஞ்சித் நச்சரித்தான். ஆறு தானே, வாதி இருக்கிறது என்று இவர்தான் சொன்னார். இவர்தான் லாரியில் கூட்டிப்போனார். இடத்தையும் இவர்தான் காட்டினார்.

"இருபத்திரண்டு வருசத்துல அதுல தண்ணி வந்து நான் கண்ணால பாத்ததில்ல. மழ பேஞ்சா மறுநாளு கல்லு ஈரமா இருக்கும், அவ்ளோதான். செத்த ஆறுன்னு நெனச்சேன்."

இடம் காட்டிய பாரம்தான் அவரை அமுக்குகிறது என்று நினைத்தேன். அதைச் சொல்லிவிட்டால் இறங்கிவிடும், அந்த அம்மா திட்டினாலும் பட்டுக்கொள்ளலாம். திட்டினால் என்ன பதில் சொல்வது என்று நானே நாலைந்து பதில் தயார் செய்துகொண்டேன். மறுநாள் காலை பாண்டி பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் பிடித்தோம். வில்லியனூர் தாண்டிக் கண்டமங்கலம் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோவிந்தம்மாள் வீட்டு வாசலில் பெரிய தார்ப்பாயில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் நின்றபடியே எங்களைப் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கலைமதி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இவர் உட்காரவில்லை. அதனால் நானும் உட்காரவில்லை.

"சொல்லுங்க பாய்" என்றார் கோவிந்தம்மாள்.

"மழ பேஞ்சிதும்மா."

"எங்க? நீங்க இருந்த எடத்துலயா?"

"இல்லம்மா. அங்க நல்ல வெயிலு. மலைக்கு அந்தாண்ட, ஒரு முப்பது கிலோமீட்டர்."

கோவிந்தம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தார், கேட்டாயா என்பது போல. பிறகு இவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"திண்டிவனத்துல மழ பேஞ்சா கண்டமங்கலத்துல வெயில்ல நிக்கிற நானு முழுகிடுவனா பாய்?"

அந்த அம்மாவின் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் விரட்டியிருப்பேன். கேள்வியில் தப்பே இல்லை. எங்கள் ஆறுகள் அப்படி வருவதில்லை. செஞ்சிப் பக்கம் மழை பெய்தால் மண் குடிக்கும், ஏரி குடிக்கும், வீடூர் அணை பிடித்து வைக்கும். அணையைத் திறந்தால் மைக் கட்டிய ஆட்டோ ஊர் ஊராக வந்து கத்தும். அதற்குப் பிறகும் சங்கராபரணி சாவகாசமாகத்தான் வந்து சேரும்.

இவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரோரம் மடித்துக் கிடந்த இன்னொரு தார்ப்பாய் கண்ணில் பட்டது. "இத எடுத்துக்கவா?" என்று கேட்டார். கோவிந்தம்மாள் தலையாட்டினார். அதன் பிறகு என் கணவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பக்கத்தில் அடுக்கியிருந்த செங்கற்களை எடுத்து வந்து தரையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவியல் குவியலாக வைத்தார். அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்தினார். மண்டியிட்டு இரண்டு கையாலும் அழுத்தி, இழுத்து, மடித்து மடிப்பு உண்டாக்கினார். ஒரு மடிப்பைக் கலைத்துத் திரும்பவும் போட்டார். இங்கே இன்னும் ஒடுக்கம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் போனில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அந்த மலை, கண்டமங்கலத்து வாசலில் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது.

"இது மலம்மா. சுண்ணாம்புக் கல்லு. இந்தத் தார்ப்பாய் மாதிரிதான், மேல மண்ணே கிடையாது. தோ இது வடக்குக் கை. இது நடுக் கை. இது தெக்கே இருந்து வர்றது. மூணும் இங்க வந்து ஒண்ணா சேரும். சேந்த எடத்துல இருந்து ஒரே ஒரு பள்ளம். ரெண்டு பக்கமும் சொவரு. அதுதான் வாதி. இங்க ஒரு வளைவு. வளைவு தாண்டினா அகலமாயிடும், மலையோட வாய் மாதிரி. அங்கதான் நாங்க இருந்தோம்."

நான்கு மல்லாட்டையை எடுத்தார். ஒன்றைப் பள்ளத்துக்கு மேலே மடிப்பின் விளிம்பில் வைத்தார். "இது என் லாரி. மேட்டுல நிறுத்தியிருந்தேன்." மற்ற மூன்றையும் பள்ளத்தின் வாயில் வைத்தார். யார் யார் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இன்னும் நாலைந்து மல்லாட்டைத் தோடுகளை எடுத்து மடிப்புகளின் உச்சியில் வைத்தார். "இதெல்லாம் பழைய கல்லு வீடும்மா. அந்த ஊரு ஜனங்க கட்டினது. கீழ சமமா அத்தினி எடம் இருக்கு, ஒரு வீடு கூட கீழ இல்ல. எல்லாம் மேலதான். எத்தினியோ வருசம் பாத்துக்கினு போயிருக்கேன். காத்துக்காகக் கட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அது எனக்கும் தெரியும். எனக்கும் போனில் அதையேதான் சொல்லியிருந்தார், நானும் சரி சரி என்றிருந்தேன்.

"ஒரு கொடம் தண்ணி குடும்மா" என்று கலைமதியிடம் கேட்டார். அவள் கொண்டுவந்த குடத்திலிருந்து முதலில் ஒரு சொம்பு மொண்டு வெறும் தரையில் ஊற்றினார். மண் அதைக் குடித்துவிட்டது. ஒரு முழம்கூட ஓடவில்லை. "இது நம்ம ஊரு" என்றார். பிறகு குடத்தைத் தூக்கி, மலையின் பின்பக்கம் போய் நின்று, மூன்று மடிப்புகளின் தலையிலும் மாற்றி மாற்றிக் கவிழ்த்தார்.

ஒரு நொடி ஒன்றுமே தெரியவில்லை. மலைக்கு முன்பக்கம் நின்ற எங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூன்று மடிப்பிலும் ஓடிவந்த தண்ணீர் ஒரே பள்ளத்தில் விழுந்து, வளைவில் எகிறி, வாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மூன்று மல்லாட்டையையும் அடித்துக்கொண்டு வந்து கோவிந்தம்மாளின் கால் மேல் போட்டது. அவர் புடவையின் கீழ்க்கரை முழுக்க நனைந்தது. அவர் இரண்டு அடி பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டார். மேலே இருந்த லாரியும் கல் வீடுகளும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

கலைமதி வாயைப் பொத்திக்கொண்டாள். நானோ ஒரு குடத் தண்ணீரைப் பார்த்து நடுங்கிப்போய் நின்றேன். ஆள் நனையாத வெயிலில் ஓர் ஆறு எப்படி வந்து ஆளைத் தூக்கும் என்பது இருபத்திரண்டு வருஷம் போனில் கேட்டும் என் மண்டையில் ஏறாமல் அன்றைக்குத்தான் ஏறியது.

கோவிந்தம்மாள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வேகமாவா?" என்று கேட்டார்.

"இதுக்கு மேலம்மா. நீங்க நம்பணும்."

"நம்பறேன் பாய். யாரும் அடிச்சிக் கொல்லல, நம்பறேன்." அவர் குரலில் ஆறுதல் இல்லை. சுவரை விட்டு வந்து பள்ளத்தின் வாயருகே குந்தி உட்கார்ந்தார். "ஆனா மத்த ரெண்டு பேரு பொழைச்சாங்களே. என் புள்ள நல்லா ஓடுவான். அவன் மட்டும் ஏன் ஓடல?"

இதுதான் என் கணவர் பயந்த கேள்வி என்று அவர் முகத்தைப் பார்த்த உடனே தெரிந்தது. இடம் காட்டியதற்கு அல்ல. எனக்குச் சொல்லாத மறுபாதி இது. அவரும் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் வந்து ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"தேவாவும் விருத்தாசலமும் கரையோரம் அடுப்புகிட்ட இருந்தாங்க. ரஞ்சித்து நடு ஆத்துல. நாலு கல்லு நட்டு, மஞ்ச பூசி, அதான் சாமின்னு கற்பூரம் எடுத்து வெச்சிக்கினு இருந்தான். மத்தியான லுஹர் தொழுகை நேரம் ஆச்சின்னு நான் மேல லாரிகிட்ட தொழப் போனேன். தொழுது முடிச்சி எழுந்தேன், ஒரு சத்தம். பத்து லாரி ஒண்ணா கல்லு கொட்டற மாதிரி. திரும்பிப் பாத்தா வளைவுக்கு அந்தாண்ட வருதும்மா. எனக்குத் தெரியுது, மேல நிக்கிறேன் இல்ல. மரத்தையும் கல்லையும் உருட்டிக்கினு சொவரு ஒசரம் வருது. ஆனா அவனுக்குத் தெரியல. அவன் கண்ணுக்குத் தெரிஞ்சது முன்னால வர்ற கொஞ்சூண்டு தண்ணிதான். கணுக்கால் அளவு, நொரை தள்ளிக்கினு, குச்சிய தள்ளிக்கினு, மெள்ள வருது. நம்ம ஊரு ஆத்துல புதுத்தண்ணி வருமே, அதே மாதிரி."

கையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் கத்தினேன். என் தொண்டை கிழியற அளவுக்குக் கத்தினேன். இன்னான்னு கத்தினேன் தெரியுமா? 'தண்ணி வருது, தண்ணி வருது'ன்னு கத்தினேம்மா. ஓடுன்னு சொல்லல. மேல வான்னு சொல்லல. அந்த ரெண்டு பேரும் என் கை ஆடறதப் பாத்துட்டு ஏறி வந்துட்டாங்க. அவன் காதுல அந்த வார்த்ததான் வுழுந்துது. சிரிச்சான். எனக்குக் கையக் காமிச்சான். கற்பூரத்தக் கொளுத்தி, கையில ஏந்திக்கினு, தண்ணிக்கு எதிரா நடந்து போனாம்மா."

எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வந்தால் முதலில் பார்க்கிற பெண் 'தண்ணி வருது' என்று குரல் கொடுப்பாள், குடங்களோடு தெருவே சிரித்துக்கொண்டு ஓடும். இவர் வந்த நாளிலிருந்து காலையில் அந்தக் குரல் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பெரிய துரை ஆகிவிட்டார் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். இத்தனை நாளும் ஒவ்வொரு காலையிலும் தெருப் பெண்கள் அவர் காதில் எதைக் கத்தியிருக்கிறார்கள் என்று அங்கே அந்த ஈரத் தரையில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

எங்கள் பக்கத்து ஆற்றில் அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை மணலை நனைத்துக்கொண்டு புதுத்தண்ணீர் வரும். முதலில் கண்டவன் அப்படித்தான் கத்துவான். வேலையைப் போட்டுவிட்டு மஞ்சளும் பூவும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு ஊரே எதிர்கொண்டு போகும். விழுப்புரம் ஜில்லாவில் பிறந்த யாருக்கும் அந்தக் குரல் கேட்டு ஓடி ஒளியத் தெரியாது. கத்தியவருக்கும் ஆபத்து என்றதும் வாயில் வந்தது அதுதான். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

"ஓடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடியிருப்பான்" என்றார் இவர். "என்னைய அடிங்கம்மா. மனுவுல என் பேரைப் போடுங்க."

நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. கோவிந்தம்மாள் எழுந்து இவரை அறைந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவரோ நனைந்த புடவையைப் பிழியக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். காலடியில் கிடந்த மூன்று மல்லாட்டையையும் எடுத்துக் காய்கிற குவியலில் போட்டார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஊர்க்கதை சொல்கிற குரலில் பேசினார்.

"ஓடியிருக்கமாட்டான் பாய். நீங்க இன்னா சொல்லிக் கத்தியிருந்தாலும் ஓடியிருக்கமாட்டான். அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும். சங்கராபரணியில புதுத்தண்ணி வருதுன்னு இட்டுக்கினு போனேன். அதுவரைக்கும் வெறும் மணலாப் பாத்த புள்ள. நொரை தள்ளிக்கினு வர்றதப் பாத்ததும் அலறிப்புட்டான். என் கைய ஒதறிக்கினு கரைக்கு ஓடறான். ஜனமெல்லாம் சிரிக்குது. எனக்கு வெக்கமாப் போச்சி. பின்னாலயே போயி முதுவுல ஒண்ணு வெச்சேன். தரதரன்னு இழுத்துக்கினு வந்து, ரெண்டு தோளையும் இறுக்கிப் புடிச்சி, தண்ணியப் பாக்க நிக்க வெச்சேன். கையில கற்பூரத்தக் குடுத்தேன். ஓடக் கூடாதுடா, தண்ணி நம்மளப் பாக்கத்தான் வருது, ஓடினா அதுக்குக் கோவம் வரும்னு சொன்னேன். அழுதுக்கினே நின்னான். மறு வருசம் அழுவல. அதுக்கப்புறம் ஊருல அவன்தான் மொத ஆளாப் போயி நிப்பான்."

கலைமதி "யம்மா, போதும்மா" என்றாள். கோவிந்தம்மாள் அவளைக் கவனிக்கவில்லை. என் கணவரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கி அவன் ஓடினான் பாய். யாரும் சொல்லிக் குடுக்காமலே ஓடினான். நான்தான் புடிச்சாந்து நிக்க வெச்சேன்."